பிரேக் பிடித்தால் வண்டி அதிர்கிறது: துடைப்பதா, பேடு மாற்றுவதா, ரோட்டர் வாங்குவதா?

மலை சைக்கிளின் டிஸ்க் பிரேக் அதிர ஆரம்பித்தால் பல கடைகளில் முதலில் காதில் விழுவது இதுதான்: "ரோட்டர் வளைஞ்சிருக்கு, மாத்திடுங்க." பெரும்பாலான நேரம் இது தப்பான கணிப்பு. ரோட்டர் என்பது சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு, பேடு அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பட்டை, காலிப்பர் அந்தப் பேடுகளையும் அவற்றைத் தள்ளும் பிஸ்டன்களையும் வைத்திருக்கும் பகுதி. வளைந்த ரோட்டர் பிரேக் பிடிக்காதபோதுதான் 'சிங், சிங்' என்று உரசும். லீவரை அழுத்தியதும் இரு பக்கப் பேடுகளும் அதை நடுவில் வைத்து இறுக்கிக்கொள்ளும், வளைவு கையில் அவ்வளவாகத் தெரியாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிற அதிர்வு ஒன்று ரோட்டரின் மேற்பரப்பிலிருந்து வரும், இல்லையென்றால் வண்டியில் எங்கோ ஓர் ஆட்டத்திலிருந்து, அதாவது தளர்ந்த இணைப்பிலிருந்து, வரும். இரண்டுக்கும் புது ரோட்டர் உடனடி மருந்து இல்லை.

கையில் இருக்கும் வழிகள் இவை: துடைத்து மறுபடி படியவைப்பது (பேடின் பொருளை ரோட்டரில் சீரான படலமாக ஒட்டவைப்பது), பேடு மாற்றுவது, ரோட்டர் மாற்றுவது, காலிப்பரை நேராக்குவது, ஆட்டத்தை எடுப்பது. எது முதலில் என்பதைச் செலவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதிர்வு எத்தனை தடவை, எந்த வேகத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் பாதி வழிகள் தானாகவே கழிந்துவிடும்.

முதலில் எண்ணுங்கள்

29 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நடக்கிற வேகத்தில், ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சமதளத்தில் அந்த வேகத்தில் உருட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பிடியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒருமுறை 'கடித்து விட்டால்' ரோட்டரின் ஒரு பகுதி மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டிருக்கிறது. அங்கே படலம் தடித்திருக்கும், இல்லையென்றால் ரோட்டரின் தடிமனே மாறியிருக்கும்.

சுற்றுக்கு ஐந்தாறு துடிப்பு வந்தால் ரோட்டரின் கைகளை, அதாவது வெளி வளையத்தை நடுப்பகுதியோடு சேர்க்கும் பட்டைகளை, எண்ணுங்கள். ஆறு கை ரோட்டரில் ஆறு துடிப்பு என்றால் பேடு கைகளின் வேரில் ஏறி இறங்குகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 15 துடிப்பாகி, எண்ண முடியாத உறுமலாகக் கையில் ஏறும். அதனால்தான் மெதுவாகச் சோதிக்க வேண்டும்.

எண்ணவே முடியாமல் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) முழுக்க முன்னும் பின்னும் கிடுகிடுவென ஆடினால் ஆட்டம். ஊளையிடுவது போலவோ வான்கோழி கத்துவது போலவோ சத்தத்தோடு சட்டகமே சேர்ந்து ஒலித்தால் பேடும் ரோட்டரும் ஒட்டி வழுக்கும் அதிர்வு. பேடு ரோட்டரைக் கடிக்கும், அந்த இழுப்பில் ஃபோர்க்கோ பின்புறக் குழாயோ வளையும், வளைவின் விசை பிடியை மீறியதும் வழுக்கி நிமிரும், உடனே மறுபடி கடிக்கும். வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கும்போது உள்ளீடற்ற குழாய்கள் அதைத் தவில் மாதிரி பெருக்கிக் கொடுக்கும்.

சோதனையைக் கரடுமுரடான தாரில் செய்ய வேண்டாம். உயரமான பட்டன்கள் கொண்ட டயர் தாரில் பிரேக் பிடித்தால் தானாகவே அதிரும். அதைப் பிரேக் கோளாறு என்று நினைத்துப் பேடு வாங்கினவர்கள் உண்டு.

ஆட்டம்: பத்து நிமிட வேலை, முதலில் முடிக்க வேண்டியது

முன் பிரேக்கை இறுகப் பிடித்து, ஹேண்டில்பாரை 90 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹெட்செட்டின் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) கீழ்க் கப்பும் ஃபோர்க்கின் தலையும் சேருமிடத்தில் விரலை வைத்திருங்கள். நேராக வைத்துத் தள்ளினால் ஃபோர்க் புஷ்ஷின் ஆட்டமும், காலிப்பருக்குள் பேடு அசைகிற சின்ன 'டக்'கும் கலந்து குழப்பும். திருப்பி வைத்தால் ஹெட்செட் மட்டும் தனியாகத் தெரியும். ஆட்டம் இருந்தால், ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு சேர்க்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்திவிட்டு மேல் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஆட்டம் போனதும் பக்கவாட்டு போல்ட்களை ஸ்டெம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தாமல் மூடியை மட்டும் திருகிக்கொண்டே போனால் ஒரு பயனும் இல்லை. அப்படி இறுக்கப்பட்ட வண்டிகள் நிறைய.

பிறகு சக்கர விளிம்பைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஆக்சிலும் இறுக்கமாக இருக்க வேண்டும். ரோட்டர் போல்ட் ஆறும் டி25 எனும் நட்சத்திர வடிவத் தலை: பிரேக் நிறுவனங்களில் ஷிமானோ சொல்வது 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், ஸ்ராம் சொல்வது 6.2. எதிரெதிர் போல்ட்களை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஆறு போல்ட்டுக்குப் பதில் ஒரே வளையத்தால் ரோட்டரைப் பூட்டும் சென்டர் லாக் ஹப்பில் அந்த வளையத்துக்கு 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். கையடக்க ஸ்பேனரால் அந்த இறுக்கம் வராது. முழு சஸ்பென்ஷன் வண்டியில் சீட்டை மெல்லத் தூக்கித் தூக்கி விட்டு, பின்புறப் பிவட் (சட்டகம் மடங்கும் மூட்டு) ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம். ஆட்டம் எப்போதும் அதிர்வை உண்டாக்குவதில்லை, இருக்கிற அதிர்வுக்கு இடம் கொடுக்கிறது. அதனால் ஹெட்செட்டை இறுக்கியதும் அதிர்வு பாதியாகக் குறைந்து மீதி நின்றால் வேலை வீணாகவில்லை. மீதி மேற்பரப்பில் இருக்கிறது.

துடைத்துப் படியவைத்தல்: பெரும்பாலானவை இங்கே முடியும்

பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டரில் ஒட்டிக்கொண்டால்தான் டிஸ்க் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும். படலம் சீராக இருந்தால் பிரேக் மென்மை. திட்டுத் திட்டாக இருந்தால் தடித்த இடம் அதிகம் பிடிக்கும், மற்ற இடம் குறைவாகப் பிடிக்கும், அதுதான் அதிர்வு. திட்டு எப்படி வருகிறது? ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்து, ரோட்டர் கொதிக்கிற நிலையில் வண்டியை நிறுத்தி லீவரைப் பிடித்தபடியே நின்றால் போதும்: பேடின் அச்சு அந்த ஓரிடத்தில் பதிந்துவிடும். அடுத்த நாள் சுற்றுக்கு ஒரு துடிப்பு. கடைக்காரர் அதைத்தான் 'வளைஞ்சிருக்கு' என்கிறார்.

தேவையானவை: 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, 220 எண் உப்புத்தாள் ஒன்று, 120 எண் ஒன்று, நூல் உதிராத சுத்தமான துணி, ஒரு கண்ணாடித் துண்டு. ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், பெரும்பாலானவற்றில் கிளிசரின் இருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் உலர்ந்த பிறகும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். துரு நீக்கும் ஸ்பிரேயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரோட்டரைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் திரவமும் சுடுநீரும் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். 220 தாளால் இரு பக்கமும் சின்னச் சின்ன வட்டங்களாகத் தேயுங்கள். பளபளப்பு போய் ஒரே மாதிரியான மங்கல் வர வேண்டும், பள்ளம் விழக் கூடாது. பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள், துணி கறுக்காமல் வரும் வரை. பேடுகளைக் கழற்றி, கண்ணாடி மேல் விரித்த 120 தாளில் எட்டுப் போடுவது போல நகர்த்துங்கள். கையில் வைத்துத் தேய்த்தால் முகம் குவிந்துவிடும், அதற்குத்தான் கண்ணாடி. தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். தாளை ஆல்கஹாலில் நனைத்துக்கொள்வது நல்லது.

இப்போது பேடின் முகத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். ஆல்கஹால் உலரும்போது முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வெளுத்தால் நல்ல பேடு. ஒரு மூலை மட்டும் ஈரம் காயாதது போல் கறுத்தே இருந்தால் எண்ணெய் உள்ளே ஊறியிருக்கிறது. பேடு பஞ்சு மாதிரி துளைகள் உள்ளது. மேலே தேய்த்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், சூடேறியதும் உள்ளிருந்து எண்ணெய் மேலே வரும். அடுப்பில் சுடுவது, டார்ச்சில் எரிப்பது என்று காணொளிகளில் வருகிற வித்தைகள் ரெசின் பேடின் (பிசினால் இறுக்கிச் செய்த பேடு) பிசினைக் கருக்கி, பின்தட்டோடு உள்ள ஒட்டையும் பலவீனமாக்கும். இறக்கத்தில் பேடின் பொருள் தட்டிலிருந்து பெயர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படியவைப்பது இப்படி. மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரை உறுதியாகப் பிடித்து விடுங்கள், 20 தடவை. பிறகு 30க்கு மேல் வேகத்திலிருந்து 10 தடவை. முழுவதும் நிறுத்தக் கூடாது, சக்கரம் வழுக்கக் கூடாது. முன்னும் பின்னும் தனித்தனியாக. முதல் நான்கைந்து தடவை பிரேக்கே இல்லாதது போல் இருக்கும். எட்டு, பத்தில் பிடிப்பு ஏறுவது விரலிலேயே தெரியும். ஐந்து தடவை பிடித்துவிட்டுப் 'போதும்' என்று வீட்டுக்குத் திரும்புவதுதான் இந்த வழி தோற்றுப்போவதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம், நடுவில் யாராவது குறுக்கே வந்து முழுதாக நிறுத்த நேர்வது. ஆளில்லாத சாலையாகப் பாருங்கள்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதம் இதே வேலை. பின் ரோட்டர் என்றால் சந்தேகம் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே மேல் போகட்டும். சொட்டு மருந்து போல ஊற்றும் எண்ணெய்க்கு மாறிவிடுங்கள். மோட்டார் சைக்கிள் வாட்டர் வாஷ் நிலையத்தில் கழுவக் கொடுத்தீர்களா? கழுவி முடித்து மினுமினுப்புக்காக டீசலோ சிலிக்கானோ அடித்துவிடும் வழக்கம் உண்டு. ஒரு தடவை போதும், இரண்டு ஜோடி பேடும் போச்சு. இது எதுவும் இல்லையென்றால் காலிப்பரே கசியலாம். பேடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டன்களைத் துடைத்து, நடுவில் பிளீட் பிளாக்கும் (பிஸ்டன்கள் வெளியே வராமல் தடுக்கும் கட்டை) இருபுறமும் வெள்ளை டிஷ்யூவும் வைத்து, லீவரை ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் டிஷ்யூவில் ஈர வட்டம் இருந்தால் சீல் போய்விட்டது. ஸ்ராம், ஹோப் காலிப்பர்களுக்குச் சீலும் பிஸ்டனும் தனியாகக் கிடைக்கும். ஷிமானோ தனியாக விற்பதில்லை, காலிப்பரையே மாற்ற வேண்டும்.

பேடு மாற்றுவது: ரெசினா, சின்டர்டா?

எண்ணெய் ஊறியிருந்தால், முகம் ஆப்பு போலச் சாய்ந்து தேய்ந்திருந்தால், அல்லது அளவு முடிந்திருந்தால் பேடு மாற்றுவது தவிர வேறு வழியில்லை. ஷிமானோவில் பொருளின் தடிமன் 0.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும். ஸ்ராமில் பின்தட்டோடு சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது.

அதிர்வை மட்டும் கருதினால் தேர்வு ரெசின்தான். மென்மையாகக் கடிக்கும், சத்தம் குறைவு, சீக்கிரம் படியும். சின்டர்ட், அதாவது உலோகத் தூளை அழுத்திச் செய்தது, நீண்ட இறக்கத்திலும் மழைச் சேற்றிலும் அதிக நாள் தாங்கும். ஆனால் ஊளையிடும் சுபாவம் அதற்கு அதிகம், சூட்டையும் காலிப்பருக்குள் கூடுதலாகக் கடத்தும். ஏற்கெனவே அதிர்கிற வண்டியில் 'ஸ்ட்ராங்கா இருக்கும்' என்று சின்டர்ட் போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது. உங்கள் ஓட்டம் பெரும்பாலும் வெப்பத்தால் பிரேக் கைவிடும் அளவுக்கு நீண்ட இறக்கங்கள் என்றால் மட்டும் அந்தச் சத்தத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கட்டுப்பாடு ரோட்டரிலேயே எழுதியிருக்கும். ஷிமானோ ஆர்டி56, ஆர்டி26 போன்ற ஆரம்ப நிலை ரோட்டர்களில் 'ரெசின் பேடு மட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அவற்றின் எஃகு மிருதுவானது. சின்டர்ட் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேய்ந்து, தடிமன் மாறி, இல்லாத அதிர்வையும் நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

புது பேடைப் பழைய ரோட்டரில் அப்படியே மாட்டாதீர்கள். ரோட்டரில் எண்ணெய் இருந்தால் முதல் கிலோமீட்டரிலேயே அது புதுசுக்குள் போய்விடும். மேலே சொன்ன கழுவலும் 220 தாளும் இங்கேயும் உண்டு. ஊளை மட்டும் தீரவில்லை என்றால், சக்கரம் சுழலும் திசையில் ரோட்டர் முதலில் நுழைகிற பேடின் ஓரத்தை அரத்தால் 1 மி.மீ. அளவுக்குச் சாய்வாக ராவிவிடுங்கள். கூர்மையான ஓரம் கொக்கி போல மாட்டி மாட்டி விடுவது நிற்கும். பின்தட்டில் காப்பர் கிரீஸ் தடவச் சொல்பவர்களும் உண்டு. சூட்டில் உருகிப் பேடின் முகத்துக்கு வரும் அபாயத்தோடு ஒப்பிட்டால் லாபம் போதாது.

ரோட்டர்: நிமிர்த்துவது, மாற்றுவது, பெரிதாக்குவது

கோட்டம் எடுப்பது உரசலுக்கு மருந்து. அதிர்வுக்காக ரோட்டரை நிமிர்த்தக் கிளம்பினால் இருந்த நேர்த்தியும் போய்விடும்.

மாற்றுவதற்கு அளவே சாட்சி. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ., 1.5க்கு வந்ததும் தூக்கிப்போட வேண்டும். ஸ்ராமின் சென்டர்லைன் ரகம் 1.85இல் தொடங்கி 1.55 வரை. அதன் ஹெச்எஸ்2 ரகம் என்றால் 2 மி.மீ.யிலிருந்து 1.7 வரை. வெர்னியரின் தட்டையான தாடை ரோட்டரின் தேயாத வெளி விளிம்பில் உட்கார்ந்து அதிகமான அளவைக் காட்டிவிடும். மைக்ரோமீட்டரால் பேடு ஓடும் தடத்தின் நடுவில் எட்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். எட்டும் ஒன்றுபோல இருந்து, சுற்றுக்கு ஒரு துடிப்பும் இருந்தால் குற்றவாளி படலம்தான், உப்புத்தாளுக்குத் திரும்புங்கள். ஓரிடம் மட்டும் தெளிவாக மெலிந்திருந்தால் எந்தத் துடைப்பும் உதவாது, புது ரோட்டர் வாங்குவதே சரி. வாங்கும்போது எடை குறைவு என்று மெல்லிய கைகளும் பெரிய ஓட்டைகளும் உள்ளதைத் தேட வேண்டாம். அகலமான தடம், தடித்த கைகள் உள்ளது அமைதியாக ஓடும். சுழலும் திசைக்கான அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். ரோட்டர் புதிது, பேடு எண்ணெய் ஊறிய பழசு என்றால் பணம் வீண். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெரிய ரோட்டருக்குப் போவது, 160 மி.மீ.யிலிருந்து 180க்கு, பிடிப்புக்காக எடுக்க வேண்டிய முடிவு. அதே வேகத்தைக் குறைக்க லீவரை மெதுவாக அழுத்தினால் போதும், சூடும் பரவலாகும், அதனால் பேடு கண்ணாடி போல் மினுங்கிப்போவது குறையும். ஊளையின் சுருதி மாறும், சில வண்டிகளில் மறையும், சிலவற்றில் ஸ்தாயி மட்டும் இறங்கும். ஃபோர்க்கும் சட்டகமும் தாங்கும் உச்ச அளவைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஷிமானோவின் பெரிய ரோட்டர் 203 மி.மீ., ஸ்ராமுடையது 200. கடையில் இரண்டையும் 'டூ ஹண்ட்ரட்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். 203க்கான அடாப்டரில் (ரோட்டர் அளவுக்கேற்பக் காலிப்பரை உயர்த்தி வைக்கும் துண்டு) 200 ரோட்டர் போட்டால் காலிப்பர் 1.5 மி.மீ. வெளியே தள்ளி உட்காரும். பேடின் மேல் விளிம்பு ரோட்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டு தேயாமல் நிற்கும்; மற்ற பாகம் தேயத் தேய அந்த இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று முட்டி, பிடிப்பும் போகும், அதிர்வும் வரும். 200க்கான அடாப்டரில் 203 ரோட்டர் என்றால் பேடு உள்ளே இறங்கி கைகளின் வேரில் ஓடும். மெதுவாகச் சோதித்தபோது எண்ணிய ஆறு துடிப்பு அதுதான். பேடைக் கழற்றிப் பார்த்தால் தேயாத உதடோ, படிப்படியான வரிகளோ காட்டிக்கொடுக்கும். 200 ரோட்டருக்கான அடாப்டரில் 203 ரோட்டர் ஓட வேண்டுமானால் 1.5 மி.மீ. வாஷர் ஒரு ஜோடி போதும்.

காலிப்பரும் அது உட்காரும் இடமும்

போல்ட் இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றி இறுக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். ஆனால் பிஸ்டன் ஒன்று சோம்பலாக இருந்தால் இந்த வழி காலிப்பரைத் தப்பான இடத்திலேயே பூட்டிவைக்கும். பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துக் காலிப்பரின் இடுக்கு வழியே பாருங்கள், லீவரை அழுத்தும்போது ஒரு பக்கம் மட்டும் பாய்ந்து வந்து ரோட்டரை மறுபக்கம் தள்ளுகிறதா? நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒன்று மட்டும் பின்தங்கினால் பேடு சாய்ந்தே பிடிக்கும், ஊளை நிச்சயம். பேடை எடுத்து, ஓடுகிற பிஸ்டன்களை டயர் லீவரால் தடுத்து, சோம்பலானதை இரண்டு மூன்று மி.மீ. வெளியே வரவைத்து, அந்தந்தப் பிரேக்கின் எண்ணெயைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பக்கவாட்டைத் துடைத்து, உள்ளே தள்ளுங்கள். நாலைந்து தடவை. பிரேக் திரவம் இரண்டு வகை: மினரல் ஆயில் பிரேக்குக்கு டாட் (DOT) திரவமோ டாட் பிரேக்குக்கு மினரல் ஆயிலோ பட்டால் சீல் உப்பிப்போகும். முடித்ததும் ஆல்கஹாலால் துடைக்காமல் பேடு போடாதீர்கள்.

பேடு எவ்வளவு நேராக்கியும் மேலே தடிப்பும் கீழே மெலிவுமாகத் தேய்ந்தால், காலிப்பர் உட்காரும் முகமே ரோட்டருக்குச் செங்குத்தாக இல்லை. பெயிண்ட் அடுக்கு, வெல்டிங் இழுப்பு இரண்டும் இதைச் செய்யும். மவுண்ட் முகத்தைச் சீவி நேராக்கும் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு சட்டகத்துக்கு வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும் என்பதால் கருவி வைத்திருக்கும் கடையைத் தேடிப் போவது நியாயம். ஆப்புத் தேய்மானம் கண்ணால் தெரியாத வரை இந்தச் செலவு வேண்டாம்.

நாளைக் காலை பயணம் என்றால்

இரவு பத்து மணிக்கு அதிர்வு தெரிகிறது, விடிந்தால் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. அப்போது ஆட்டச் சோதனை, ரோட்டர் கழுவல், கையில் இருக்கும் புது ரெசின் பேடு, வீட்டுப் பக்கத்துச் சாலையில் முப்பது தடவை பிடித்து விடுதல், இவ்வளவுதான். புது சின்டர்ட் பேடைப் படியவைக்காமல் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். காலிப்பர், ரோட்டர் போல்ட் தலைகளில் பெயிண்ட் பேனாவால் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் இறக்கம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும், ரெஞ்சு எடுக்க வேண்டியதில்லை. ரோட்டரை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும்.